மாயக் கதைகளும் மரபு வழுவும்

நன்னூற் பொதுவியலிலே வழுவும் வழுவமைதியும் கற்பித்துக்கொண்டிருந்தேன். மாலைநேர வகுப்பு. திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என்னும் ஏழும் தம்முள் மயங்கின் வழுவாம் என்று கூறி, மரபுவழுவுக்கு ஆசிரியர் வழிவழியாகக் காட்டும் உதாரணத்தையும் கரும்பலகையில் எழுதினேன். யானைப்பாகன், ஆட்டிடையன் என்பது மரபு. அதனை மாற்றி யானைமேய்ப்பான், ஆட்டுப்பாகன் என்பது வழு. பின்வாங்கிலிருந்த மாணவனொருவன் எழுந்தான். மேசையின் கீழே ஏதோவொரு தடித்த புத்தகத்தை அவன் ஒளித்து வாசிக்கின்றான் என்பதை நான் முன்னரே கண்டும் காணாதவன்போல இருந்தேன்.

“ஐயா, பாம்பு கண் சிமிட்டிற்று என்று ஒருவர் எழுதினால் அது மரபுவழுவா?” என்றான்.

வகுப்புச் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. வினா நல்ல வினா. விடைதான் கைவசம் இல்லை. புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். ஜே. கே. ரோலிங் என்னும் ஆங்கில எழுத்தாளர் 1997 ஆம் ஆண்டிலே வெளியிட்ட ஹரி பொட்டர் வரிசையின் முதற்புத்தகம் அது. தமிழ் மொழிபெயர்ப்பும் உண்டென்று பின்னர் அறிந்தேன். விடுமுறையிலே அவனிடமும் அவன் தோழரிடமும் இரவல் பெற்று, 2007 வரையில் வெளிவந்த ஏழு பாகங்களையும் வாசித்து முடித்தேன். ஐம்பது வயது கடந்த பண்டிதன் மந்திரக்கோலும் பறக்குந் துடைப்பமும் நிறைந்த கதைகளை இரவிரவாக வாசித்தான் என்பதைக் கேட்டு நகைப்பார் நகைக்க. அதன்பின் அவ்வகைக் கதைகள் வேறு சிலவும் தேடிப் படித்தேன். அவ்வாசிப்பிலே தோன்றிய சில எண்ணங்களை ஈண்டு எழுதுகின்றேன்.

முதலிலே அம்மாணவனுடைய பாம்பைக் கவனிப்போம். கதைத் தலைவனாகிய சிறுவன் விலங்குக் காட்சிச்சாலைக்குப் போகின்றான். கண்ணாடிப் பெட்டியுள் அடைபட்டுக் கிடக்கும் போவா என்னும் பெரும்பாம்பு தலையை உயர்த்தி அவனைப் பார்த்துக் கண் சிமிட்டுகின்றது. பின்னர் அவன் கூறுவதைக் கேட்டுத் தலையசைத்து உரையாடுகின்றது. பாம்புக்கு இமை இல்லை. அதன் கண்ணை ஒளிபுகும் செதிலொன்று நிலையாக மூடியிருக்கும். சட்டை கழற்றும்போது அச்செதிலும் சட்டையோடு சேர்ந்தே கழலும். புறச்செவியும் அதற்கில்லை, நிலத்தின் அதிர்வைத் தாடையெலும்பின் வழியாக உணர்வதிலேயே அது வல்லது. பாம்புக்குச் செவி தனியே காணப்படாமையைக் கண்டுதான் நம் முன்னோர் அதனைக் கட்செவி என்றனர். கண்ணே செவி என்ற அவர் கருத்து விஞ்ஞானத்துக்கு ஒவ்வாதாயினும், செவித்துளை இல்லை என்று உற்றுப் பார்த்த பார்வை பொய்யன்று. இமை இல்லை என்பதைக் காண ரோலிங் அம்மையாருக்கும் அவ்வாறான ஒரு பார்வை போதுமாயிருந்தது.

ஆயினும் உடனே தீர்ப்புக் கூறிவிடுதல் தகாது. பாம்பு பேசுவதை ஏற்றுக்கொண்ட வாசகன் பாம்பு சிமிட்டுவதை ஏன் மறுக்கின்றான்? இதுவே நான் பலநாள் சிந்தித்த வினா. பேசுவது சிமிட்டுவதினும் பெரும்பொய்யன்றோ?

இதற்கு விடை நன்னூலிலேயே இருக்கின்றது என்று கருதுகின்றேன். உவப்பு முதலிய காரணம் பற்றித் திணையும் பாலும் மாறி வரினும் அமையும் என்பது வழுவமைதி. தன் வீட்டுப் பசு வருவதைக் கண்ட ஒருவன் அன்பு மிகுதியால், என் அம்மை வந்தாள் என்கின்றான். பசு அஃறிணை, ‘வந்தாள்’ உயர்திணைப் பெண்பால். இலக்கணம் அவனைத் தண்டிக்கவில்லை. அவன் அறியாமையாற் பேசவில்லை, அன்பினாற் பேசினான் என்று அமைதி கூறுகின்றது. பேசும் விலங்குக் கதைகள் யாவும் இந்த ஒரு வழுவமைதியின் மேலேயே நிற்கின்றன. பஞ்சதந்திரத்து நரி முதல் இக்காலத்து மாயக் கதைப் பாம்பு ஈறாக எல்லாம் உவப்பினால் உயர்திணையானவை. ஆனால் அவன் பசுவை அம்மை என்று அழைக்கலாமேயன்றி, அம்மை மீன் தின்றாள் என்று கூறலாகாது. பேச்சு என்பது ஆசிரியர் வாசகரோடு செய்துகொண்ட உடன்படிக்கை. இமையும் பல்லும் உணவும் உறக்கமும் அவ்வுடன்படிக்கையில் இல்லை. அவை விலங்கினுடைய சொந்தச் சொத்து.

மீன் தின்றாள் என்று நான் வேண்டுமென்றே எழுதினேன். சி. எஸ். லூயிஸ் 1950 இல் வெளியிட்ட நார்னியா வரிசையின் முதற்கதையிலே, நான்கு பிள்ளைகள் ஓர் உடுப்பு அலுமாரியின் வழியாக மாயநாட்டுக்குள்ளே போகின்றனர். அங்கே பீவர் என்னும் நீர்வாழ் கொறிவிலங்கின் இணையொன்று அவர்களை விருந்தோம்புகின்றது. ஆற்றை மறித்துக் கட்டிய அணையும், அதன்மேல் அமைந்த வீடும், பனியுறைந்த நீரும் அழகாக வருணிக்கப்படுகின்றன. அணை கட்டுவது பீவரின் இயல்பே. அவ்விடத்து ஆசிரியர் பிழைக்கவில்லை. ஆனால் ஆண் பீவர் பனிக்கட்டியிலே துளையிட்டு மீன் பிடிக்கின்றது. பெண் பீவர் பொரிக்கின்றது. விருந்தினரோடு தாமும் உண்கின்றன. பீவர் மீன் தின்னாது. மரப்பட்டையும் இலையும் நீர்த்தாவரமுமே அதன் உணவு. மாரிகாலத்துக்கென்று கிளைகளை வெட்டி நீரடியிலே சேமித்து வைத்து, மேலே பனி மூடியிருக்கும்போது அவற்றின் பட்டையை உண்டு வாழ்வது அது. அச்சேமிப்பின் திறமை எந்த மாயத்துக்கும் குறைந்ததன்று. ஆசிரியர் அதனைக் கைவிட்டு மீனைப் பொரித்தது எவ்வளவு பெரிய இழப்பு! பீவர் இனம் பிரித்தானியாவிலே பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே வேட்டையாடி அழிக்கப்பட்டுவிட்டது. ஸ்கொட்லாந்திலே அதனை மீண்டும் கொணர்ந்து விட்டது 2009 இல். ஆகவே ஒக்ஸ்போர்ட்டிலிருந்து எழுதிய லூயிஸ் அதனைத் தம் நாட்டு ஆற்றில் கண்டிருக்க வழியில்லை. இது அவருக்குச் சமாதானமாகலாம், பீவருக்காகாது.

இதிலே நமக்கொரு வேடிக்கையும் உண்டு. பீவருக்குத் தமிழிற் பெயரில்லை. மொழிபெயர்ப்போர் யாரேனும் அதனை நீர்நாய் என்று பெயர்த்துவிட்டால், நீர்நாய் மீன் தின்னும் விலங்காதலின், மூலநூலின் வழு மொழிபெயர்ப்பிலே தானாக நீங்கிவிடும்! பிழையினாற் பிழை திருந்தும் இத்தகைய பேறு எல்லா நூலுக்கும் கிட்டுவதன்று.

அதே விருந்திலே உருளைக்கிழங்கும் வெண்ணெயும் பாலும் பழப்பாகு வைத்த பணியாரமும் பரிமாறப்படுகின்றன. நார்னியாவிலோ சூனியக்காரியின் மந்திரத்தால் நூறு ஆண்டுகளாகப் பனிக்காலம் நீங்கவில்லை என்பது கதை. நூறாண்டு பனி மூடிய நிலத்திலே கிழங்கு எங்கே விளைந்தது? பசு எதனை மேய்ந்தது? சிறுபிள்ளைகளுக்குரிய கதையிலே இவற்றையெல்லாம் கேட்கலாமா என்பார்க்கு ஒன்று கூறுவேன். இவற்றை முதலிற் கேட்பவர் சிறுபிள்ளைகளே. முதியோர் நாகரிகங் கருதிக் கேளாது விடுகின்றோம்.

இனி ஆந்தைக்கு வருவோம். ஹரி பொட்டர் கதைகளிலே மாயவுலகத்தாரின் அஞ்சற்காரர் ஆந்தைகள். முதற்புத்தகத்தின் முதல் அத்தியாயத்திலேயே, இரவில் திரியவேண்டிய ஆந்தைகள் பகலிலே நாடெங்கும் பறந்ததாகச் செய்தி வாசிப்பவர் வியந்து கூறுகின்றார். இவ்விடம் நான் மிகவும் சுவைத்த இடம். ஆந்தையின் இயல்பு இன்னதென்று ஆசிரியர் அறிந்திருக்கின்றார். அவ்வியல்பு பிறழ்ந்ததையே மாயத்தின் முதல் அடையாளமாகக் காட்டுகின்றார். இயல்பை அறிந்தவனே இயல்பு பிறழ்ந்ததென்று வியக்க முடியும். ஆனால் அத்தியாயங்கள் செல்லச் செல்ல அவ்வியப்பு மறைந்து, ஆந்தை வெறுந் தபாற்பையாகிவிடுகின்றது.

கதைத் தலைவனுடைய ஆந்தை துருவத்துப் பனியாந்தை, பெண். பனியாந்தை மற்றை ஆந்தைகள்போல இரவுக்கே உரியதன்று. கோடையிலே சூரியன் மறையாத நிலத்தில் வாழ்வதாதலின் பகலிலும் வேட்டையாடும். மரமற்ற வெளியே அதன் உறைவிடம், நிலத்திலேயே கூடமைக்கும். மாசற்ற வெண்மை முதிர்ந்த ஆணுக்கே உரியது; பெண்ணுடலில் கரிய கோடுகள் காணப்படும். கதையைப் படமாக்கியோர் அந்தப் பெண்ணாந்தையின் வேடத்துக்கு ஆண் பறவைகளையே நடிக்கவிட்டனர். நாடகமேடையிலே ஆண்கள் பெண்வேடம் புனைந்து ஆடிய கூத்து மரபினராகிய நாம் இதனைப் பெரிதுபடுத்த வேண்டியதில்லை.

பெரிதுபடுத்த வேண்டியது வேறொன்று. மனிதர் கடிதம் அனுப்பப் பயன்படுத்திய பறவை புறா. புறா எங்கே கொண்டுபோய் விட்டாலும் தன் கூட்டுக்குத் திரும்பி வரும், அவ்வளவே. ‘இன்னாரிடம் போ’ என்றால் போகாது. கதையின் ஆந்தையோ முகவரி அறியாத ஒருவரையும் உலகின் எம்மூலையிலும் தேடிச் சென்றடைகின்றது. சரி, மாயம் என்று ஏற்போம். ஏற்ற மாத்திரத்திலே கதையின் கூரை பொத்துக்கொள்கின்றது. சிறையிலிருந்து தப்பிய ஒருவரைப் பிடிப்பதற்கு மாயவுலகத்து அமைச்சு முழுவதும் அலைகின்றது, காணவில்லை. அவருக்கு ஒரு சிறுவன் கடிதம் எழுதுகின்றான். ஆந்தை தவறாமற் கொண்டுபோய்க் கொடுக்கின்றது. அமைச்சிலே ஒருவர் வெறுங் கடிதமொன்றை ஆந்தையின் காலிற் கட்டிவிட்டு அதன்பின்னே பறந்து போயிருந்தால் கதை அன்றே முடிந்திருக்கும். ஆசிரியரும் இதனைச் சற்று உணர்ந்தவரே. வெள்ளாந்தை கண்ணிற் படும், ஆந்தைகளை மாற்றி மாற்றி அனுப்பு என்று அந்த மறைந்து வாழ்பவரே நான்காம் புத்தகத்தில் எச்சரிக்கின்றார். பொத்தலுக்கு ஓலை செருகியிருக்கின்றார். ஆனாலும் வானம் தெரிகின்றது.

இந்த ஆந்தையின் கதை புத்தகத்தோடு நின்றுவிடவில்லை என்பதே எனக்கு வருத்தந் தருவது. 2010 இல், அப்போது இந்தியாவின் சுற்றாடல் அமைச்சராயிருந்த ஜெய்ராம் ரமேஷ், அந்நாட்டிலே ஆந்தைகள் சட்டவிரோதமாகப் பிடித்து விற்கப்படுவதைப்பற்றிய அறிக்கையொன்று வெளியானபோது, பிள்ளைகளுக்கு ஆந்தை வாங்கிக் கொடுக்கும் புதுமோகத்துக்கு ஹரி பொட்டரும் ஒரு காரணம் என்றார். அங்கே மாந்திரிகத்துக்காகப் பிடிப்பதே பெருங்கொடுமை என்பது உண்மை. இந்தோனேசியாவிலோ ஜாவா, பாலித் தீவுகளின் பறவைச் சந்தைகளை ஆராய்ந்தோர் 2017 இல் வெளியிட்ட கட்டுரையிலே, முன்பு அருகியே காணப்பட்ட ஆந்தைகள் இந்நூற்றாண்டிலே பெருவாரியாக விற்பனைக்கு வந்துள்ளன என்றும், வணிகர் அவற்றை ஹரி பொட்டர்ப் பறவை என்றே அழைக்கின்றனர் என்றும் எழுதினர். அதே ஆண்டிலே, பிரித்தானியாவில் அத்தகைய மோகம் உண்டானதற்குச் சான்றில்லை என்று வேறு சிலர் ஆராய்ந்து கூறினர். ஆகவே பழியனைத்தையும் ஆசிரியர் தலையிற் சுமத்துதல் நீதியன்று. எனினும், கூண்டிலிருந்து கடிதம் வாங்கிப் பறக்கும் பறவையை விரும்பி வாங்கிய பிள்ளையின் கையிலே வந்து சேர்வது, எலியை முழுதாக விழுங்கி மயிரையும் எலும்பையும் உருண்டையாகக் கக்குகின்ற ஒரு காட்டுயிர். அதனை அப்பிள்ளைக்கு யார் சொன்னார்?

ஆந்தையிலே தவறிய ஆசிரியர் எலியிலே வென்றார். இதனைச் சொல்லாது விடின் நான் வழக்குரைஞனாவேனேயன்றி வாசகனாகேன்.

கதைத் தலைவனுடைய தோழனிடம் ஒரு கிழட்டு எலி இருக்கின்றது. அண்ணனிடமிருந்து வந்த பழைய எலி, முன்பாதமொன்றில் ஒருவிரல் இல்லை, எந்நேரமும் தூங்கும். முதலிரண்டு புத்தகங்களிலும் அது நகைப்புக்குரிய பொருள். 1999 இல் வந்த மூன்றாம் புத்தகத்திலே எலி நோயுறுகின்றது. கடைக்குக் கொண்டுபோகின்றனர். கடைக்காரி எலியைப் புரட்டிப் பார்த்து, சாதாரண எலி மூன்றாண்டளவே வாழும் என்கின்றாள். இந்த எலியோ அவ்வீட்டிலே பன்னிரண்டு ஆண்டுகளாக வாழ்ந்து வருகின்றது. வாசகன் அதனை மருந்துக்கடைப் பேச்சென்று கடந்து போய்விடுகின்றான். புத்தகத்தின் இறுதியிலே, அந்த எலி எலியன்று, எலியுருவில் ஒளிந்து வாழ்ந்த ஒரு கொலைகாரன் என்று வெளிப்படும்போது, அடடா, எலி பன்னிரண்டாண்டு வாழுமா என்று நாம் அன்றே கேட்டிருக்க வேண்டுமே என்று தலையில் அடித்துக்கொள்கின்றோம். விலங்கின் இயல்பை மீறியதே இங்கே கதையின் திறவுகோல். வழு என்று நாம் எண்ணியது ஆசிரியர் வைத்த தடயம். விலங்கை அறிந்த பிள்ளைக்கு ஆசிரியர் தந்த பரிசு அது; அறியாத பிள்ளைக்கு அப்பரிசு கிடைப்பதில்லை.

அந்த எலியிலும் ஒரு துளை கண்டுபிடித்திருக்கின்றனர் வாசகர். பள்ளிக்கூடத்திலுள்ளோர் அனைவருடைய பெயரையும், அவரவர் நிற்குமிடத்தையும் காட்டும் மாயப்படமொன்று தோழனுடைய தமையன்மார் இருவரிடமும் ஆண்டுக்கணக்காக இருந்தது. தம்பியின் படுக்கையிலே ஒவ்வோரிரவும் வேற்று மனிதனொருவனுடைய பெயர் கிடந்ததை அவர்கள் காணவில்லையா? எத்தனையோ நூறு பெயர்களுக்குள் அதனை யார் தேடுவார் என்பார்க்கு நான் எதிர்வாதஞ் செய்யேன். ஆசிரியப் பணியிலே இருப்பவனாதலின், வரவுப்பதிவேட்டில் உள்ள பெயர்களையே நாம் நாளும் எவ்வளவு கவனிக்கின்றோம் என்பது எனக்குத் தெரியும்.

காலவழுவுக்கும் அவ்வரிசையிற் குறைவில்லை. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கட்டிய மறைவறைக்குக் குழாய்நீர்க் குளியலறையிலே வாயில். அதன்வழி உலாவும் இராட்சதப் பாம்பு. பதினெட்டாம் நூற்றாண்டிலே குழாய் பொருத்தியபோது வாயில் மாற்றியமைக்கப்பட்டது என்று ஆசிரியர் பின்னர் விளக்கம் எழுதினார். காலத்தைப் பின்னோக்கிச் சுழற்றும் கருவியொன்றை ஒரு மாணவிக்குப் பாடங்களுக்குச் செல்வதற்கென்று கொடுத்துவிட்டு, பின்னர் மாண்டோரை மீட்க அதனை ஏன் எடுக்கவில்லை என்ற கேள்வி எழுந்தமையாற்போலும், 2003 இல் வந்த ஐந்தாம் புத்தகத்திலே அக்கருவிகள் எல்லாம் உடைந்துபோகின்றன. டொல்கினுடைய மோதிரக் கதையிலே, பெருங்கழுகுகள் மோதிரத்தை நேரே எரிமலைக்குக் கொண்டுபோயிருக்கலாமே என்று கேட்கும் வாசகர் இன்றும் ஓயவில்லை. இவற்றை நீட்டேன். காலமும் கருவியும் ஆசிரியன் படைத்தவை. அவற்றிலே அவன் தவறினால் தன் வீட்டையே தான் இடித்தவனாவான். விலங்கு அவன் படைத்ததன்று. அதிலே தவறினால் பிறர் வீட்டை இடித்தவனாவான். எனக்கு இரண்டாவதே பெருங்குற்றமாகத் தோன்றுகின்றது.

விலங்குக்கு நீதி செய்த மாயக்கதை ஒன்றைக் காட்டு என்று யாரேனும் கேட்பின், றிச்சட் அடம்ஸ் 1972 இல் வெளியிட்ட முயற்கதையைக் காட்டுவேன். ‘வோட்டர்ஷிப் டவுன்’ என்பது அதன் பெயர். தம் பெண்மக்கள் இருவருக்கும் காரிற் செல்லும்போது சொல்லத் தொடங்கிய கதையை அவர் பின்னர் நூலாக்கினார். அதிலே முயல்கள் பேசுகின்றன. தம் குலதெய்வத்தின் கதைகளைச் சொல்கின்றன. அவற்றுள் ஒன்று வருவதுரைக்கும் ஞானி. மாயத்துக்கு என்ன குறை? ஆனால் அந்த முயல்கள் முயல்களாகவே உண்கின்றன, அஞ்சுகின்றன, மோப்பம் பிடிக்கின்றன. நான்குக்கு மேல் எண்ண அவற்றுக்குத் தெரியாது. ஐந்தும் ஆயிரமும் அவற்றுக்கு ஒரு சொல்லே. லொக்லி என்னும் இயற்கையறிஞர் முயல்களின் வாழ்வை ஆண்டுக்கணக்காக உற்றுநோக்கி 1964 இல் எழுதிய நூலை அடம்ஸ் துணைக்கொண்டார். நெருக்கடி மிகுந்த வளையிலே கருவுற்ற பெண்முயலின் கரு வெளிவராமல் உடலுக்குள்ளேயே மீளக் கரைந்துவிடும் என்னும் செய்தி அந்நூலினின்றும் எடுத்தது. கொடுங்கோல் முயலொன்றின் ஆட்சியிலே பெண்முயல்கள் படுந் துயருக்கு அதனினும் கூரிய சான்று எந்தக் கற்பனையாலும் கிடைத்திராது. மெய் பொய்யைவிடக் கொடியதாயிருந்தது. ஆசிரியர் அதனை அறிந்து எடுத்தார்.

அவ்வாசிரியருக்கும் ஒரு சங்கடம் நேர்ந்தது. வளை தோண்டுவது பெண்முயலின் வேலை. கதையிலே ஊரைவிட்டு வெளியேறியவையோ ஆண்முயல்கள். வளை எவ்வாறு தோண்டுவது? அடம்ஸ் மறைக்கவில்லை. ஆண்முயல் தோண்டும் வழக்கமில்லை என்று முயல்களின் வாயினாலேயே சொல்லுவித்து, முடைவந்தபோது புதுவழக்கம் கைக்கொள்வோம் என்று அவற்றைத் துணியச் செய்கின்றார். வளை தோண்டிய பின்னரே, தம்மிடையே பெண்முயல் இல்லை, குட்டியின்றேல் குடியில்லை என்ற உண்மை அவற்றுக்கு உறைக்கின்றது. கதையின் பிற்பாதி அந்த ஒரு குறையினின்றே பிறக்கின்றது. வழுவை ஒப்புக்கொண்டு காரணங் காட்டிக் கொள்வதல்லவா வழுவமைதி! நன்னூல் படியாத ஆங்கிலேயர் அதனை முற்றக் கடைப்பிடித்தார்.

இவ்வளவுங் கூறும் என்னைப் பார்த்து, பாலிலிருந்து நீரைப் பிரிக்கும் அன்னத்தையும், நிலவை உண்ணும் சகோரத்தையும், பறையொலி கேட்டு உயிர்விடும் அசுணத்தையும் என்ன செய்யப்போகின்றீர் என்று கேட்பார் உளர். நியாயமான கேள்வி. என் மாணவனும் கேட்டான். அவை கவிமரபு. பாடுவோனும் கேட்போனும் வழிவழியாக அறிந்து ஒப்பியவை; அன்னத்தை எண்ணி யாரும் பால்வாங்கிக் கறந்து நீர் கலந்து சோதிக்கப் போவதில்லை. அதனைச் சொல்லிவிட்டு நான் சற்று நேரம் பேசாதிருந்தேன். ஏனெனில், மீன் தின்னும் பீவரும் நூறாண்டு கழிந்தால் ஒரு கவிமரபாகிவிடுமோ என்ற ஐயம் எனக்கே எழுந்தது. இன்றும் அது தீரவில்லை.

இயல்பு எது, இயல்பன்று எது என்று தீர்ப்பவனும் தவறக்கூடும். அமெரிக்காவிலே 1903 இல் ஜோன் பறோஸ் என்னும் முதிய இயற்கையறிஞர், விலங்குக் கதை எழுதுவோர் பொய்யை மெய்யென்று விற்கின்றனர் என்று சாடிக் கட்டுரை எழுதினார். உள்ளான் இனப் பறவையொன்று முறிந்த தன் காலுக்குக் களிமண்ணாற் கட்டுப்போட்டதைத் தாம் கண்டதாக எழுதிய வில்லியம் லோங் என்பவர் அவ்வழக்கிலே பெரிதும் நகைக்கப்பட்டார். 1907 இல் சனாதிபதி தியோடர் ரூஸ்வெல்டே பறோஸ் பக்கம் நின்று எழுத, அரசியலுக்கு நிகரான சண்டையாயிற்று. அச்சண்டையிலே பறோஸ் பெரும்பாலும் சரியே. ஆயினும் விலங்குகள் பெற்றோரிடமிருந்து கற்பதில்லை, எல்லாம் பிறவியுணர்ச்சியே என்று அவர் கொண்ட உறுதியைப் பிற்காலத்து ஆய்வு ஏற்கவில்லை.

பறோசின் அந்தப் பிடிவாதத்தை வாசித்தபோதுதான் என் அலுமாரியிலே கிடந்த ஒரு கதை நினைவுக்கு வந்தது. 2004 ஆம் ஆண்டு, பாடசாலைக் கதைப்போட்டி, நான் நடுவர். பதினான்கு வயதுப் பிள்ளையொருத்தி மாயக்கதை எழுதியிருந்தாள். காகங்களின் அரசி ஒருத்தி. அவளுடைய குஞ்சைக் கல்லெறிந்து கொன்ற மனிதன் ஒருவன். அவன் தலைப்பாகை கட்டினாலும் ஊர் மாறினாலும் காகங்கள் அவன் முகத்தை அறிந்து துரத்துகின்றன. அவனைக் கண்டறியாத இளங்காகங்களும், தாய்க்காகங்கள் சொல்லிக் கொடுத்தமையால், அவனை அறிகின்றன. நான் சிவப்பு மையினாலே, “காகம் மனித முகத்தைப் பிரித்தறியாது. இயல்புக்கு முரண்” என்று ஓரத்தில் எழுதிப் புள்ளியைக் குறைத்தேன். பரிசு வேறொருவருக்குப் போயிற்று.

அப்பிள்ளை கொப்பியோடு என்னிடம் வந்தாள். “ஐயா, எங்கள் வீட்டிலே காகம் அண்ணாவை மட்டுந்தான் கொத்த வருகுது. அவர்தான் கூட்டுக்குக் கல்லெறிந்தவர்” என்றாள். நான் சிரித்து, “பிள்ளை, காகம் இருக்கப் பனம்பழம் விழுந்த கதைதான் அது” என்று சொல்லி அனுப்பினேன். அவள் பின்னர் பாடசாலையை விட்டு நீங்கும்வரை எந்தப் போட்டிக்கும் கதை எழுதவில்லை. சஞ்சிகைக்குக் கேட்டபோதும் கட்டுரையே எழுதித் தந்தாள். காற்புள்ளி கூடத் தவறாத கட்டுரை.

2006 இல், அமெரிக்காவின் சியாட்டில் நகரிலே, வொஷிங்டன் பல்கலைக்கழகத்து ஆய்வாளர் ஜோன் மார்ஸ்லவ்வும் அவர் குழுவினரும் குகைமனித முகமூடி அணிந்து சில காகங்களைப் பிடித்து, காலிலே வளையமிட்டுப் பறக்கவிட்டனர். அதன்பின் அம்முகமூடியோடு யார் வெளியே நடந்தாலும் காகங்கள் சூழ்ந்து கரைந்தன. வேறு முகமூடியை, அது அந்நாளைய அமெரிக்க உப சனாதிபதியின் முகம், அவை பொருட்படுத்தவில்லை. ஆண்டுகள் சென்றும் மறக்கவில்லை. கரையும் காகங்களின் தொகையும் வளர்ந்தது. 2010 இல் அவ்வாய்வு வெளியாயிற்று. பிடிபடாத காகங்களும், குஞ்சுகளும், மற்றவற்றைப் பார்த்து அந்த முகத்தை அறிந்துகொண்டன என்பது 2012 இல் வெளியாயிற்று. நான் இதனை அறிந்தது என் மாணவனுடைய பாம்பின் பின்னாலே போன சென்ற விடுமுறையில்.

அந்தக் கதைத்தாளை இப்போது எதிரே வைத்துக்கொண்டே எழுதுகின்றேன். மை மங்கவில்லை. நான்காம் பக்கத்திலே, காகங்களின் அரசி நடுச்சாமத்திலே தனியே பறந்துவந்து அம்மனிதனுடைய யன்னலைத் தட்டுகின்றாள். காகம் அந்தியிலே கூட்டமாய் அடைந்து விடியும்வரை மரத்தை விட்டு அசையாத பறவை. அவ்விடத்திலே என் சிவப்பு மை விழவில்லை. பக்கம் சுத்தமாக இருக்கின்றது.